நான்காம் எண் எழுதிய இணைப்பு

என் சித்தப்பா மலைச்சாமி பிறந்தது 1938. மனைவி அய்யம்மாள். முதல் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் இறந்தது. 1971இல், அய்யம்மாள் இரண்டாம் முறை கருவுற்றிருந்தபோது, மார்க்கையன்கோட்டை வயல்களின் வழியே குடிநீருக்கான இரும்புக் குழாய் புதைக்கப்பட்டது. துருப்பிடிக்காமலிருக்க அதன்மேல் தார் டேப் சுற்றும் வேலை சித்தப்பாவுக்குக் கிடைத்தது.

பற்றவைத்த இணைப்பைக் கம்பி பிரஷால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசி, டேப்பைத் தீயில் இளக்கி, ஒரு சுற்றின் மேல் மறுசுற்று பாதி ஏறும்படி இழுத்துச் சுற்ற வேண்டும். இடையில் ஈரமோ அழுக்கோ சிக்கினால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே இரும்பு அரிபடும். சுற்றியவர் தம் எண்ணை வெள்ளை பெயிண்டால் மேலே எழுதுவார். சித்தப்பாவின் எண் நான்கு.

ஒவ்வோர் ஊர் எல்லையிலும் முதல் இணைப்புக்குப் பூசை போடுவது வழக்கம். மார்க்கையன்கோட்டை எல்லையில் மேஸ்திரி கர்ணன் தேங்காயைக் குழாயின் மேலேயே உடைத்து, சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தார். சித்தப்பா துணியை எடுத்தார்.

“என்னலே செய்யுற?”

“ஈரத்து மேல டேப்பு ஒட்டாதுண்ணே. தொடச்சுக்கிறேன்.”

“ஆத்தாளுக்கு வச்ச பொட்டயா அழிக்கப் போற? வீட்டுல ஒருத்தி வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கிறால்ல?”

“அப்பக் காயட்டும். நாளைக்குச் சுத்துறேன்.”

“அதுவரைக்கும் குழிக்கு ஒன் மாமனார் வீட்டு ஆளுகளா காவல் இருப்பாக? சுத்துலே.”

சித்தப்பா துடைக்காமலே சுற்றினார். துடைக்கவிடாமல் அவர் கையை யாரும் பிடித்துத் தடுக்கவில்லை. அதையும் இங்கே எழுத வேண்டும். தை மாதம் மகள் மலையம்மாள் நலமாகப் பிறந்தாள்.

அதன்பின் அதே குழாயின் பராமரிப்பில் தினக்கூலியாக இருந்தார். 1980இல் நிரந்தரமாக்கப்படுவோர் பட்டியலில் அவர் பெயர் வந்தது. உத்தரவுக்குக் காத்திருந்த மாதத்தில் எல்லை வயலில் குழாய் உடைந்து, நடவு முழுதும் மூழ்கியது. தோண்டி டேப்பை அறுத்தபோது இரும்பு விரல் பட்டதும் உதிர்ந்தது. டேப்பின் மேல் நான்கு என்ற எண் மட்டும் அழியாதிருந்தது.

விசாரணைக்குக் கர்ணன் அழைக்கப்பட்டார். அப்போது அவர் சொந்தமாக ஒப்பந்தம் எடுப்பவர்.

“இங்க டேப் சுற்றியது யார்?” என்றார் அதிகாரி.

“அவந்தேன் சார். நம்பரு இருக்குல்ல.”

“பூசை போட்டதையும் சொல்லுங்கண்ணே,” என்றார் சித்தப்பா.

“பூசை எல்லா ஊர்லயுந்தேன் போட்டோம். வேற எங்கனயும் ஒடையலையேப்பா.”

கர்ணன் பொய் சொல்லவில்லை. மற்ற ஊர்களில் சுற்றியவர்கள், மேஸ்திரி அப்பால் நகர்ந்ததும் துடைத்துவிட்டுச் சுற்றினார்கள் என்று பின்னர் அவர்களிடமே கேட்டறிந்தேன்.

பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது, தினக்கூலியும் நின்றது. வீட்டுக்கு வந்தவர் அய்யம்மாளிடம், “அன்னைக்கே தொடச்சிருக்கணும்,” என்றார். மலையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பொட்டை அழிக்காததால்தான் அவள் பிழைத்தாள் என்று அந்த வீட்டில் அதுவரை சொல்லி வளர்த்திருந்தார்கள். அவள் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

குழாய் தாங்கியது ஒன்பது ஆண்டு. அதன்பின் சித்தப்பா இருந்தது நான்கு ஆண்டு.