மறக்கத் தெரியாத எறும்புகள்

எங்கள் பேருந்துப் பணிமனையில் நூற்றிருபது ஓட்டுநர்களுக்கும் வாராவாரம் டியூட்டி போடுபவர் ஒரே ஒரு அக்காதான். யாருக்கு முதுகுவலி, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார். பாம்புச்செவி வேறு. அவர் காதில் ஒருமுறை விழுந்தது மறக்கவே மறக்காது.

பட்டியலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியவரும் அவரே. உள்ளே ஆயிரம் கற்பனை எறும்புகள். ஒவ்வொன்றும் ஒரு பட்டியல் போடும். பலருக்கு ஒத்துவருகிற பட்டியலில் வாசனை கூடுதலாகப் படியும். பின்னால் வரும் எறும்புகள் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு இன்னும் நல்லதாகத் தேடும். முதுகுக்குப் பின்னால் அவருக்கு எறும்பக்கா என்று பெயர் வைத்தோம்.

என் மகளுக்குக் காதில் கருவி பொருத்தியிருந்தார்கள். புதன்கிழமை மதியம் பேச்சுப் பயிற்சி. பெற்றவர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும், மனைவிக்கு அன்றைக்கு லீவு கிடைக்காது. மூன்று வகுப்பு தவறினால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். எழுதிக் கொடுத்தும் இரண்டு புதன் எனக்கே வண்டி. மூன்றாவது வாரப் பட்டியலிலும் அதேதான். பட்டியலைக் கிழித்தெடுத்துக்கொண்டு அவர் அறைக்குள் புகுந்தேன்.

"உங்க எறும்புக்கு என் மேல என்னக்கா பகை?"

பழைய பட்டியல்களைத் திறந்து பார்த்தார். சிரிக்கவில்லை.

"மூணு வருஷம் முன்னாடி நீதானே தம்பி கேட்டே? புதன்கிழமை ஆனா மாமியார் வந்துடுறாங்க, மத்தியானம் எப்படியாவது வண்டி போட்டுடுங்கன்னு?"

கேட்டது நான்தான். கிழித்த பட்டியலை மெல்ல மடித்துக்கொண்டேன்.

பழைய பட்டியல்களின் வாசனையோடுதான் எறும்புகளை இறக்கிவிட்டிருந்தார். அந்த வாசனை கொஞ்சங்கொஞ்சமாக மங்க வேண்டும். எவ்வளவு என்று அவர்தான் எண் கொடுக்க வேண்டும். பூஜ்யம் என்று கொடுத்திருந்தார். என் பழைய புதன்கிழமை வாசனை மங்கவே இல்லை, புதிதாக எழுதிக் கொடுத்தது அதன் முன்னால் எடுபடவில்லை.

"யார் கேட்டதும் மறந்துடக் கூடாதுன்னு நினைச்சேன். தப்பு என்னுதுதான் தம்பி, உக்காரு."

எண்ணை மாற்றி எறும்புகளை மறுபடி ஓடவிட்டார். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் என்னோடு காத்திருந்தார். அரைமணி கழித்து, புதன் மதியம் எனக்கு ஓய்வு என்று வந்தது. என் மகள் இன்று பேசுகிற பேச்சில் பாதி அந்த அக்கா கொடுத்தது. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஐந்து மாதம் கழித்து, நன்றி சொல்ல மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"நான் யாரு, சொல்லு பார்ப்போம்?" என்றார்.

"எ... றும்... பக்கா."

வீட்டில் நான் பேசியதன் பலன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். பாம்புச்செவி அக்கா காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு குனிந்தார்.

"சரியாக் கேக்கலையே தங்கம். இன்னொரு தடவை சொல்லு."