அத்தான் காருக்குப் புது சத்தம்

அத்தான் வாங்கிய டர்போ காருக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கம்பெனி கொடுத்த பவர் போதவில்லையாம். இன்று என்னையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு கிடர்பூரில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்.

ஒர்க்‌ஷாப்காரர் இரண்டு வழி சொன்னார். சைலன்சரை மட்டும் மாற்றினால் சத்தம் கூடும். எஞ்சின் சாஃப்ட்வேரையும் மாற்றினால் பவர் கூடும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் பட்டாசு மாதிரி வெடிக்கும். ஆனால் வாரண்டி போய்விடும்.

"சத்தம் மட்டும் போதும்," என்றாள் அக்கா. "நாப்பதைத் தாண்டினாலே இவர் முருகா முருகாங்கறார்."

ஒர்க்‌ஷாப்காரருக்குத் தமிழ் தெரியாது. அதனால் அக்கா அதையே பெங்காலியில் இன்னொரு முறை சொன்னாள்.

ரோஷத்தில் அத்தான் இரண்டையும் போடச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் திரும்பும்போது பவானிபூர் சந்தில் எங்களுக்கு முன்னால் ஒரு கைவண்டி. அத்தான் ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து விட்டார். படபடவென்று வெடித்ததில் தெருவே திரும்பிப் பார்த்தது.

கைவண்டிக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து ஜன்னலில் குனிந்தார். "பாபு, தக்கா லகாவூம்?" தள்ளிவிடட்டுமா என்று அவ்வளவு அக்கறையாகக் கேட்டார்.

அத்தான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "ஹாங் பையா," என்று தலையாட்டிவிட்டாள்.

அந்த நல்ல மனிதர் பின்னால் போய் நிஜமாகவே தள்ளினார். நான் வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன்.

அத்தானின் அம்மா கேட்டிருக்கிறார்: "பழைய வண்டின்னு எங்கிட்ட ஏன்டா மறைச்சே?"

யாராவது அவருக்குப் பதில் சொல்லுங்கள். அத்தான் யாரோடும் பேசுவதில்லை.