பார்க்காமல் போட்ட டிக்

மூன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை மணி கோத்து முடிக்கும் நேரத்தில், பக்கத்துப் பையன் அதே மணியை மூக்கில் திணித்துக்கொண்டிருப்பான். அடி அண்ணாமலையில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் பதினெட்டு வருஷமாக டீச்சர் நான். பட்டன் போடுவது, கத்தரிக்கோல் பிடிப்பது, கோட்டுக்குள் கலர் அடிப்பது எல்லாவற்றிலும் பெண்கள் முந்திக்கொள்வார்கள். பையன்கள் மெதுவாக வந்து, இரண்டாவது மூன்றாவது படிக்கும்போது பக்கத்தில் வந்துவிடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும் என்கிற திமிரும் கொஞ்சம் ஜாஸ்தி.

மாசக் கடைசியில் என் வீட்டுக்காரருடைய பழைய சட்டை ஒன்றை நாற்காலிக்கு மாட்டிவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு பட்டன் போடச் சொல்வேன். யாருக்குக் கை பழகியிருக்கிறது என்று நோட்டில் குறிக்க வேண்டும். பையன்களை முதலில் கூப்பிடுவேன். ஒருத்தன் ஒரு பட்டனுக்குப் பத்து நிமிஷம் எடுப்பான், இன்னொருத்தன் சட்டையையே இழுத்துக்கொண்டு ஓடுவான். அவர்களோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும். பெண்கள் பக்கம் மேலிருந்து கீழ்வரை டிக் போட்டு நோட்டை மூடிவிடுவேன். அவர்களுக்கு வராமலா போகும்?

அந்த டிக்குகளில் ஒன்று ஒரு நாலு வயதுப் பெண்ணுடையது. சத்தமே போடாத பிள்ளை. அவள் அம்மா கிரிவலப் பாதையில் தண்ணீர் பாட்டிலும் மோரும் விற்பவர். ஒரு நாள் கூட்டிப்போக வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், இவ வலது கையில ஒண்ணுமே செய்ய மாட்டேங்கறா. சோறுகூட எடது கையிலதான் சாப்பிடறா. எங்க மாமியார் அடிக்கறாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எடது கைப் பழக்கம்மா அது. இந்தக் காலத்துல போய் அதுக்கு அடிப்பாங்களா? பொண்ணுங்களுக்குக் கை வேலை தானா வந்துடும். விடுங்க."

அன்று வீட்டுக்குப் போகும்போது ஒரு குழந்தையை அடியிலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவள் வேறு பள்ளியில் ஒன்றாவது சேர்ந்த வருஷம், பிள்ளைகளைப் பரிசோதிக்க வந்த டாக்டர் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொடச் சொல்லியிருக்கிறார். இடது கை தொட்டது. வலது கை மூடியது மூடியபடியே இருந்தது. பிறக்கும்போதே அந்தப் பக்கம் பலம் கம்மியாம். மூன்று வயதிலேயே பயிற்சி ஆரம்பித்திருந்தால் கை இன்னும் நன்றாகத் திறந்திருக்கும் என்றாராம். அவள் அம்மா என்னிடம் வந்து இதைச் சொன்னார். சண்டை போடவில்லை.

"ரெண்டு வருஷம் உங்ககிட்டதானே இருந்தா? உங்களுக்குத் தெரியலையா டீச்சர்?"

நான் நோட்டை எடுத்துப் பார்த்தேன். இருபது மாசத்துக்கு இருபது டிக். அவளுடைய யூனிஃபார்ம் பட்டனைத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்த பெண்தான் போட்டுவிட்டாள் என்பதே அப்புறம்தான் தெரிந்தது. அதே வகுப்பில் கை மெதுவாக வந்த ஒரு பையனுக்காக நான் மூன்று முறை அவன் வீட்டுக்கே போயிருக்கிறேன்.

அன்றிலிருந்து அந்தக் கை என்னை விடவில்லை. பஸ்ஸில் முன் சீட்டில் பெண் குழந்தை உட்கார்ந்தால் முகத்தைப் பார்ப்பதில்லை, விரல்களைத்தான் பார்க்கிறேன். இப்போது பெண்களையும் சட்டைக்கு முன்னால் நிறுத்துகிறேன், சாப்பாடு ஆறினாலும் சரி. இரண்டு கையாலும் போடுகிறார்களா என்று குனிந்து பார்க்கும்போது பயமாக இருக்கிறது.

போன மாசம் வேறு வேலையாக வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தேன். மாற்றுத்திறனாளி அட்டைக்கான வரிசையில் அவளும் அம்மாவும் நின்றார்கள். பத்து வயது இருக்கும், நன்றாக வளர்ந்துவிட்டாள். அம்மா என்னைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த ஃபாரத்தைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டார். தெரியாததுபோல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவள் ஓடி வந்து இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு உங்களத்தான் ரொம்பப் புடிக்கும் டீச்சர். மத்தவங்கல்லாம் அந்தக் கைய காட்டு, கைய நீட்டுன்னு ஒரே தொல்லை. நீங்க ஒரு நாள்கூட கேட்டதே இல்ல."