பாயசம் மாதிரி ஒன்று

என் வீட்டுக்காரருக்கு ஷுகர் என்று டாக்டர் சொன்ன அன்று அவர் அழுதார். தன் அம்மா இறந்தபோதுகூடக் கண் கலங்காமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு சவப்பெட்டி வாங்கப் போன மனுஷன். “கிறிஸ்துமஸ் கேக்குகூடக் கூடாதா டாக்டர்?” என்று கேட்டு, பதில் வருவதற்குள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அவர் மறையூர்க்காரர். கரும்புக்கு நடுவே பிறந்து, வெல்லக் கட்டியைக் கடித்துக்கொண்டே வளர்ந்தவர். கல்யாணமாகிப் பள்ளிவாசல் பக்கம் எங்கள் எஸ்டேட்டுக்கு வந்த பிறகும் டீக்குச் சீனி பத்தாது என்பார். நான் கொழுந்து எடுக்கப் போவேன். அவர் டூரிஸ்ட்டுகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போவார். இருவருமே விடிந்ததும் கிளம்புகிறவர்கள்.

எங்கள் மகள் எர்ணாகுளத்தில் நர்ஸ். அவள்தான் போனில் வழி சொன்னாள்.

“அம்மா, வெறும் கசப்பும் கஞ்சியுமாக் குடுத்தா அப்பா தாங்க மாட்டாரு. பழத்தை வச்சு ஸ்மூத்தி அடிச்சுக் குடு. சீனி, வெல்லம், தேன் எதுவும் போடாத. பழமும் அளவாத்தான். ஆனா வாசனை மட்டும் அவருக்குப் பிடிச்ச பலகாரம் மாதிரி இருக்கணும்.”

அது எனக்குப் பிடித்துப் போயிற்று. ஏத்தம்பழம், அதாவது நேந்திரம்பழம், பாதியைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். கல்லாக இறுகிய துண்டுகளை மிக்ஸியில் போட்டு, ஊறவைத்த ஓட்ஸ் ஒரு கரண்டி, தண்ணியான தேங்காய்ப்பால், கொஞ்சம் சுக்கு, இரண்டு ஏலக்காய். அடித்து ஊற்றினால் ஐஸ்கிரீம் போலக் கெட்டியாக, அடைப் பாயசத்தின் வாசனையோடு விழும். பக்கத்துத் தோட்டத்தில் உதிரும் பட்டர் ஃப்ரூட்டில் கொக்கோப் பொடியும் பட்டையும் சேர்த்தால் சாக்லேட் புட்டிங். ஸ்ட்ராபெரி கிடைக்கும் நாட்களில் அதையும் புளிக்காத தயிரையும் அடித்து, மேலே வறுத்த முந்திரியை நொறுக்கிப் போடுவேன். கேக்கின் மேல் பூசும் கிரீம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

எஸ்டேட் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் ஒரு சுவர்தான் நடுவில். எங்கள் மிக்ஸி சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டு மதினி கத்துவாள்: “புதுமாப்பிள்ளைக்குப் பாயசம் ரெடியாயிருச்சு போல!”

அவர் நின்றபடியே குடிப்பார். நான் கதவில் சாய்ந்து அவர் முகத்தைப் பார்ப்பேன்.

“எப்படிங்க இருக்கு?”

“அருமை. பாயசமே தோத்துரும்.”

அந்த ஒரு வார்த்தைக்காக நான் என்னென்னவோ செய்தேன். கூடையோடு மலையேறும்போதுகூட நாளைக்குப் பப்பாளியில் கேசரி வாசனை வருமா என்றுதான் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மூணாறு மார்க்கெட்டில் பழத்தை முகர்ந்து முகர்ந்து வாங்கினேன். எனக்கென்று ஒரு கிளாஸ் வைத்துக்கொண்டதில்லை. மிக்ஸியைக் கழுவும் முன் விரலால் வழித்து நக்குவதோடு சரி.

தவக்காலம் வந்தது. பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் அவரவர் எதை விட்டு ஒறுக்கப்போகிறோம் என்று சொன்னார்கள். இவர் எழுந்து, “நான் இனிப்பையே விட்டாச்சு. இந்தத் தவக்காலம்னு இல்ல, சாகுற வரைக்கும்” என்றார். அடுத்த ஞாயிறு சாமியார் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அதைச் சொன்னார். பூசை முடிந்து பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

குருத்தோலை ஞாயிறு கழிந்த ஒரு நாள், மழையில் வேலை சீக்கிரம் முடிந்தது. நனைந்தபடி ஜங்ஷன் பேக்கரியில் ரொட்டி வாங்க ஏறினேன். கடைக்காரர் மலையாளி, என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“சேட்டன் இன்னைக்கு வரலையா சேச்சி? எடுத்து வச்சிட்டேனே.”

“எதை?”

அவர் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே காட்டினார். ஒரு தட்டில் இரண்டு லட்டும் ஒரு துண்டு கேக்கும் இருந்தன. “சேட்டனுக்கு எப்பவும் இதுதான். உள்ளே இருந்து சாப்பிட்டுட்டுத்தான் மேட்டுக்குப் போவாரு. வெளியே இருந்தா எஸ்டேட்டு ஆளுங்க பாப்பாங்கன்னு ஒரு நாற்காலி உள்ளே போடச் சொன்னாரு.”

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சட்டென்று ரொட்டியைப் பொட்டலம் கட்டத் தொடங்கினார். திரை விலகியிருந்த உள்ளறையில் அந்த நாற்காலி தெரிந்தது. அதில் அவருடைய மங்கி குல்லா தொங்கியது.

வீட்டுக்கு வரும் வழியில் மதினியிடம் கேட்டேன். அவள் தலை குனிந்துகொண்டாள். “உனக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றாள். அப்படியானால் ஜீப் ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கோயிலில் என் கையைப் பிடித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

சாயங்காலம் அவரிடம் கேட்டபோது சத்தம் போட்டேன், லயம் முழுக்கக் கேட்கட்டும் என்றே. அவர் மறுக்கவில்லை. “நீ குடுத்ததை நான் ஒரு நாளும் மிச்சம் வச்சதில்லையே” என்றார், அதுவே பெரிய நியாயம் போல. பிறகு என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

சத்தியம் பண்ணும்போதே அவர் வலது காலில் புண் இருந்திருக்கிறது. செருப்புக் கடித்த இடம். வலி தெரியாததால் அவர் கவனிக்கவில்லை என்பது பாதி உண்மை. நாற்றம் வந்த பிறகும் காலுறை போட்டு மறைத்தது மீதி. காய்ச்சல் கண்டு விழுந்த பிறகுதான் நான் காலுறையைக் கழற்றினேன். தேனிக்குக் கொண்டுபோனோம். முதலில் விரல்களை எடுத்தார்கள். அது நிற்கவில்லை. கணுக்காலுக்கு மேலே வரைக்கும் போயிற்று. பிரேக் மிதிக்கிற கால்.

வார்டில் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். எனக்குக் கோபம்கூட மிச்சமில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லுங்க. நான் அடிச்சுக் குடுத்தது வாய்க்கு நல்லாத்தான் இருந்துச்சா?”

அவர் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“மொத நாள்ல இருந்தே பிடிக்கல. கொழகொழன்னு, மருந்து மாதிரி. குடிச்ச வாய்க்கு ஏதாவது திங்கணும் போல இருக்கும். நேரா பேக்கரிக்குப் போயிருவேன்.”

“அதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?”

“நீ அவ்வளவு ஆசையா வாசல்ல நிப்பியே. மனசு வரல.”

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு வெளியே வராந்தாவுக்கு வந்தேன். அவர் இனிப்புத் தின்றதை என்னால் மன்னித்திருக்க முடியும். நாக்கு யாருக்கும் அடங்காது. ஆனால் என்மேல் இரக்கப்பட்டிருக்கிறார். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நான் மலையேறிக்கொண்டிருந்த காலமெல்லாம், பாவம் இவள் என்று கண்ணை மூடி ஒரே மடக்கில் விழுங்கியிருக்கிறார். பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு எதையாவது செய்து தந்திருப்பேன். சண்டை போட்டிருப்போம். கால் இருந்திருக்கும்.

இப்போது ஜீப் இல்லை. அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டூரிஸ்ட் வண்டிகள் ஏறுவதைப் பார்க்கிறார். நான் ராகிக் கஞ்சியும் பயறும் வைக்கிறேன். உப்புக் குறைந்தால் குறைந்தது என்கிறார். பிடிக்காவிட்டால் தட்டைத் தள்ளுகிறார். அது எவ்வளவோ மேல். அன்பியக் கூட்டத்துக்கு நான் மட்டும் போகிறேன். அவரைக் கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் பட்டர் ஃப்ரூட் நன்றாகப் பழுத்துக் கிடைத்தது. கொக்கோவும் பட்டையும் போட்டு ஒரு கிளாஸ் அடித்தேன். அடுப்படியிலேயே உட்கார்ந்து, அவசரமில்லாமல் முழுவதையும் நானே குடித்தேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. அவரிடம் வேண்டுமா என்று கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.