கெம்பியின் வளைகாப்பு

நாகமணிக்குக் கோபம் வந்தால் தமிழ் வரும். அருப்புக்கோட்டையில் அவள் குடியிருக்கும் நெசவாளர் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கன்னடம்தான் பேச்சு. உப்பு போதுமா, தண்ணி லாரி வந்துருச்சா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா எல்லாம் வீட்டுக்குள்ளேயே கன்னடத்தில் முடிந்துவிடும். சண்டை மட்டும் வாசலுக்கு வந்து தமிழில் நடக்கும். தெருக்கோடியில் இருக்கும் தமிழ் வீட்டுக்காரர்களுக்கும் நியாயம் புரிய வேண்டாமா? கன்னடத்தில் திட்டினால் அது வீட்டு விஷயம், தமிழில் திட்டினால் தெருவே சாட்சி.

அண்ணி சௌடம்மாள் மண்டபத்தில் அந்த வார்த்தையைத் தமிழில்தான் சொன்னாள்.

அன்றைக்கு அண்ணன் திம்மையாவின் மகள் தேவிபிரியாவுக்கு ஒன்பதாம் மாத வளைகாப்பு. நாகமணி சொந்த அத்தை, அதுவும் எதிர் வீட்டு அத்தை. தேவிபிரியா தவழ்ந்ததும் நடை பழகியதும் பாதி நாள் நாகமணி வீட்டில்தான். நாகமணிக்கும் அவள் புருஷன் மணிகண்டனுக்கும் பிள்ளை தங்கவில்லை. இரண்டு தடவை உண்டாகி இரண்டு தடவையும் கலைந்து, அப்புறம் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். இருந்த பாசத்தையெல்லாம் அண்ணன் மகள் மேல் கொட்டியவள், கடை கடையாக ஏறி இறங்கிச் சிவப்பும் பச்சையுமாக வளையல் பொறுக்கி, தட்டில் அடுக்கி, பட்டுச்சேலை சரசரக்க மேடை ஏறினாள். சௌடம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"நாகு, தட்ட இப்படி வச்சிட்டு நீ போயி பந்தியப் பாரு. புள்ளத்தாச்சிக்கு வளையல் போடக் கைராசின்னு ஒண்ணு வேணும்ல. தப்பா எடுத்துக்கிராத."

மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் கேட்டார்கள். சமையல்காரர் கேட்டார். தேவிபிரியா மட்டும் மடியில் கிடந்த பூச்சரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாகமணி தட்டை வைத்தாள், படியிறங்கினாள், சாப்பிடாமல் வீட்டுக்கு நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. வாய்க்குள்ளே அண்ணியைப் பற்றி என்னென்னவோ வந்தது, அதையெல்லாம் அச்சில் போட முடியாது.

வீட்டை ஒட்டிய குறுகிய முடுக்கில் கெம்பி படுத்திருந்தது. கெம்பி என்றால் கன்னடத்தில் சிவப்பி. போன மழைக்கு வந்து ஒண்டிய தெருநாய். நாகமணி வைத்த பழைய சோற்றைத் தின்றுவிட்டு அங்கேயே தங்கிப்போனது. அவளைப் பார்த்ததும் எழுந்து வாலை ஆட்டியது. வயிறு இரண்டு பக்கமும் புடைத்து, காம்புகள் தடித்துத் தொங்கின. தினமும் சோறு வைத்தவள்தான், அன்றைக்குத்தான் கவனித்தாள்.

"நீயுமாடி," என்றாள். அப்படியே பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்து, அதன் வயிற்றில் கை வைத்தாள். உள்ளே ஏதோ உருண்டது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்ததும் அவளுக்குப் பசி எடுத்தது.

"நாய்க்கு வளைகாப்புன்னா ஊரே சிரிக்கும்," என்றான் மணிகண்டன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், எதற்கும் அதிகம் பேசாதவன்.

"சிரிக்கட்டும். எதுத்த வீட்டுக்குக் கேக்குற மாதிரி நல்லாச் சிரிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை காலை முடுக்கு வாசலில் கோலம் போட்டாள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச்சோறு என்று ஆக்கி இறக்கினாள். தறி செட்டில் அவளோடு நூல் சுற்றும் முருகலட்சுமி முதலில் வந்தாள், அவள் பின்னால் வேடிக்கை பார்க்க ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சிரிக்க வந்தவர்கள்தான், இலையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்கள். கெம்பியின் நெற்றியில் குங்குமம் வைத்து, முன்னங்காலில் வேப்பங்கொழுந்துக் காப்பு கட்டினாள் நாகமணி. கண்ணாடி வளையல் உடைந்தால் நாக்கைக் கிழித்துவிடும் என்று மெட்டல் வளையல்களாக வாங்கியிருந்தாள். அவற்றைச் சிவப்புக் கயிற்றில் கோத்து அதன் கழுத்தில் கட்டினாள். கெம்பிக்கு மட்டும் தயிர்ச்சோறும் அவித்த முட்டையும். அது முட்டையை எடுத்துக்கொண்டு குங்குமத்தோடு தெருவில் ஓடியது, வளையல் கலகலவென்று குலுங்கியது. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

எதிர் மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த சௌடம்மாள் நிமிர்ந்தாள். தெருவே அண்ணாந்து பார்த்தது.

"போட்டாச்சுல்ல," என்றாள், தமிழில். "அந்தக் கை பட்ட வயிறு என்னத்தப் பெக்குதுன்னு நாங்களும் பாக்குறோம்."

சிரிப்பு நின்றது. புளிச்சோறு ருசி மாறியது. நாகமணி பதிலுக்கு ஏதோ சொல்லிவிட்டாள், ஆனாலும் அன்று பாத்திரம் கழுவும்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவள் நட்ட மல்லிகை கருகியிருக்கிறது. அவள் அடை வைத்த கோழிமுட்டைகள் கூமுட்டையாகப் போயிருக்கின்றன. வயிற்றில் தங்கியதும் தங்கவில்லை. குட்டிகள் செத்துப் பிறந்தால்? இனி இந்தத் தெருவில் எந்தக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அவள் கையால் ஒரு வெற்றிலை கூட வாங்கமாட்டார்கள். அண்ணி சொன்னது சரியென்று ஆகிவிடும். வாயில்லாத ஜீவனின் வயிற்றை வைத்துப் பந்தயம் கட்டிவிட்டோமே என்று ஒரு நிமிஷம் வெட்கமாக இருந்தது. அடுத்த நிமிஷம் சௌடம்மாளின் முகம் ஞாபகத்துக்கு வந்தது, வெட்கம் போய்விட்டது.

அன்றிலிருந்து கெம்பிக்கு நடந்த கவனிப்பு ராஜவைத்தியம். மணிகண்டனின் லோடு ஆட்டோவில் ஏற்றி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துப் பூச்சி மாத்திரை கொடுத்தார். "சத்து மாத்திரையெல்லாம் நீங்களா வாங்கிக் கொடுக்காதீங்க. வயிறு நெருக்குது, ஒரே தடவையில நிறைய சாப்பிட முடியாது. கொஞ்சம் கொஞ்சமா பல தடவை வைங்க," என்றார். நாகமணி தறி செட்டிலிருந்து தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் வீட்டுக்கு ஓடிவந்து சோறு வைத்தாள். ஈரல் வேகவைத்துப் பிசைந்தாள். கேப்பைக்கூழ் ஆற்றி ஊற்றினாள். மடியில் போட்டு உண்ணி பொறுக்கினாள். முடுக்கில் தகரம் இறக்கி, பலகை அடித்து, குட்டி வெளியே உருளாதபடி குட்டைத் தடுப்பு வைத்து, பழைய சேலைகளைக் கிழித்து மெத்தை போட்டாள். வெயில் ஏற ஏறத் தகரத்தின் மேல் ஈரச் சாக்கு போட்டாள். தண்ணி லாரிக்குக் காத்துக்கிடக்கும் தெருவில் நாய்க்கூரைக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று பேச்சு வந்தது. எங்க வீட்டுக் குடம் என்று சொல்லிவிட்டாள்.

"இவ்வளவு கவனிப்பு எனக்குக் கெடைச்சிருந்தா நானே ரெண்டு பெத்திருப்பேன்," என்றான் மணிகண்டன்.

கெம்பியைக் கொஞ்சும்போது சில சமயம் அவளுக்கே சந்தேகம் வரும், இது பாசமா பழியா என்று. இரண்டும்தான். பழியில்தான் ஆரம்பித்தாள், அதை மறைக்கவும் இல்லை. "நல்லாத் தின்னு, எல்லாத்தையும் உசுரோட பெத்துக் குடு, அவ மூஞ்சி கருகட்டும்," என்று சொல்லிச் சொல்லித்தான் ஊட்டினாள்.

கெம்பியும் தன் பங்குக்குச் செய்தது. காலையில் வெயிலுக்கு முன் தெருவில் மெல்ல நடக்கும், எதிர் வீட்டு வாசலில் போய் நின்று உடம்பைச் சிலிர்க்கும், வளையல் கலகலக்கும். சௌடம்மாள் தண்ணீரை வீசுவாள். ஒருநாள் எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பிஸ்கட் விழுந்ததை நாகமணி பார்த்தாள். உள்ளே தேவிபிரியாவின் கை, முழங்கை வரை கண்ணாடி வளையல். பின்னாலேயே சௌடம்மாள் வந்து ஜன்னலை அடைத்தாள். நாகமணி பார்க்காதது போல் வாசலைக் கூட்டினாள். அந்தப் பிள்ளை மீதும் கோபம்தான், அவளை அண்ணியோடு சேர்த்து வெறுக்கத்தான் முடியவில்லை.

தேவிபிரியாவுக்கு ஆஸ்பத்திரியில் குறித்த தேதி வந்தது, தாண்டியும் போனது. வலி வரவில்லை. இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம் என்றார்களாம். அத்தை வளையல் போடாமத்தான் இப்படி ஆகுதுன்னு அந்தப் பொண்ணு அழுது சாப்பிட மாட்டேங்குது என்று முருகலட்சுமி சேதி கொண்டுவந்தாள். "எனக்கென்ன," என்றாள் நாகமணி. அன்று அவளும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை கெம்பி சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சேலை மெத்தையை முன்னங்காலால் பறண்டியது, சுற்றியது, படுத்தது, எழுந்தது. நாகமணி வேலைக்குப் போகவில்லை. கெம்பியின் கழுத்திலிருந்து வளையல் கயிற்றை அவிழ்த்துப் பலகை ஆணியில் மாட்டினாள். முருகலட்சுமி வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டாள். முடுக்கு வாசலில் தெரு கூடிவிட்டது. நாகமணி யாரையும் விரட்டவில்லை. அவளுக்குச் சாட்சி வேண்டும்.

முதல் குட்டி வந்தது. கெம்பி அதை மூடியிருந்த சவ்வுப் பையை நக்கிக் கிழித்தது, குட்டி கீச்சென்றது. நாகமணி எதிர் மாடியை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டாவதும் உயிர். மூன்றாவதும். ஒவ்வொன்றுக்கும் மாடியைப் பார்த்தாள், சௌடம்மாள் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்றாள். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. கெம்பி முக்கி முக்கித் தளர்ந்து, கடைசியில் ஒன்றை ஈன்றது. அது அசையவில்லை. கெம்பிக்கு அதை நக்கக்கூடத் தெம்பில்லை.

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

நாகமணி பையைக் கிழித்துக் குட்டியைக் கையில் எடுத்தாள். ஈரப் பஞ்சாகக் கிடந்தது. வாயில் விரல் விட்டுச் சளியை வழித்தாள். துண்டில் போட்டுத் தேய்த்தாள், தலையைத் தாழ்த்திப் பிடித்து மறுபடி தேய்த்தாள். அந்த நேரம் அவளுக்கு அண்ணி நினைப்பு இல்லை, தெரு நினைப்பு இல்லை. முன்னே தங்காமல் போன இரண்டும் கண்முன் வந்தன. தெருக்கோயில் அம்மனின் பேர் தானாக வாயில் வந்தது.

"சௌடம்மா, ஏ சௌடம்மா, வா தாயி, வந்து பாரு, சௌடம்மா..."

குரல் தெருவைத் தாண்டியது. எதிர் வீட்டில் தடதடவென்று படியிறங்கும் சத்தம் கேட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றாள் அண்ணி சௌடம்மாள்.

"என்ன நாகு, என்ன ஆச்சு?"

அப்போதுதான் குட்டியின் வயிறு ஒருமுறை எக்கியது. மறுபடி எக்கியது. எறும்பளவு சத்தத்தில் அது அழுதது. நாகமணி அதைக் கெம்பியின் மடியில் சேர்த்துக் காம்பில் வாயை வைத்தாள். கண்ணைத் துடைத்தாள், நிமிர்ந்தாள், எதிரே நிற்பது யாரென்று பார்த்தாள். எல்லா நினைப்பும் அப்படியே திரும்பி வந்தது.

"ஒங்களக் கூப்பிடல அண்ணி. சாமியக் கூப்பிட்டேன்."

முருகலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சௌடம்மாள் போய்விடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் போகவில்லை. ஈரமும் ரத்தமுமாக இருந்த நாகமணியின் கைகளைப் பார்த்தபடி நின்றாள். அப்புறம் தடுப்போரம் குனிந்து, நாகமணியின் காதோரமாக, யாருக்கும் கேட்காத குரலில் கன்னடத்தில் பேசினாள். பிரியாவுக்குப் பயமாக இருக்கிறது, எனக்கும் பயமாக இருக்கிறது, நீ வந்து உன் கையால் இரண்டு வளையல் போட்டுவிட்டுப் போ என்றாள்.

எத்தனை நாளாகக் காத்திருந்த நிமிஷம். நாகமணி அவசரப்படவில்லை. கையைத் துண்டில் துடைத்தாள், விரல் விரலாக.

"என்ன சொன்னீக? காதுல விழல," என்றாள், தெருக்கோடி வரை கேட்கிற தமிழில். "தமிழ்ல சொல்லுங்க அண்ணி. அன்னைக்கு மண்டபத்துல சொன்ன மாதிரி."

சௌடம்மாளின் முகம் சிவந்தது. தெருவைப் பார்த்தாள். ஒருத்தியும் நகரவில்லை. எதிர் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது, கம்பிக்குள் தேவிபிரியாவின் வெளிறிய முகம் தெரிந்தது. சௌடம்மாள் அந்த ஜன்னலைப் பார்த்தபடியே தமிழில் சொன்னாள்.

"எம் புள்ளைக்கு... ஒங் கையால வளையல் போடு நாகு. நான் சொன்னது தப்பு."

"வாரேன்," என்றாள் நாகமணி. எழுந்து ஆணியில் கிடந்த சிவப்புக் கயிற்றை எடுத்தாள், முடிச்சை அவிழ்த்தாள், கெம்பியின் வளையல்களில் இரண்டை உருவிக் குழாயடியில் தேய்த்துக் கழுவினாள். "ஆனா புதுசு வாங்க மாட்டேன். இதுதான். இதுல கைராசி இருக்குன்னு தெருவே பாத்துருச்சு."

சௌடம்மாள் அந்த வளையல்களைப் பார்த்தாள். தலையாட்டினாள்.

"அப்ப எங்க வீட்டுக்குள்ள போயி, சாமி மாடத்துப் பக்கத்துல பித்தளைத் தட்டு இருக்கு, எடுத்துக்கிட்டு வாங்க," என்றாள் நாகமணி.

அன்றைக்கு நாகமணி முன்னால் நடந்தாள். அழுக்குச் சேலையோடு, ஈரம் காயாத கையோடு, அண்ணன் வீட்டு வாசலில் ஏறினாள். தட்டை அண்ணி பின்னால் தூக்கிக்கொண்டு வந்தாள்.