எத்தனாவது வளைவுல இருக்கீங்க?

போன புதன்கிழமை ஒரு பொய் சொன்னேன். பெரிய பொய் இல்லை. நீங்களும் நானும் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிற சின்னப் பொய்தான். ஆனால் சொன்ன இடம் சரியில்லை. மாட்டிக்கொண்டேன்... அதுவும் ஒரு பஸ் நிறைய ஜனங்களிடம்!

என்ன பொய் என்று சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. "எங்கே இருக்கீங்க?" என்று யாராவது போனில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். "கிளம்பிட்டேன்", "பக்கத்துல வந்துட்டேன்", "அஞ்சே நிமிஷம்" – சரிதானே? நான் சென்னையில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன். தலையில் ஷாம்பூ நுரையோடு பாத்ரூமில் நின்றுகொண்டு, "கிண்டி தாண்டிட்டேன் சார்" என்று கூசாமல் சொல்லியிருக்கிறேன். கேட்டவர் நம்பவில்லை. அவரும் அந்த நேரம் அவர் வீட்டு பாத்ரூமில்தான் இருந்திருப்பார்.

அப்புறம் புறநகருக்குப் போனோம். 'சென்னைக்கு மிக அருகில்' என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கிய ஃபிளாட். எவ்வளவு அருகில்? ஷேர் ஆட்டோ, மின்சார ரயில், பஸ் என்று மூன்று மாறி ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் டிபன் பாக்ஸில் தயிர் சாதம் புளித்துவிடும். நகரத்தில் தூரத்தைப் பற்றி மனிதர்கள் பொய் சொன்னார்கள். அங்கே விளம்பரப் பலகையே சொன்னது. ஆனாலும் மொட்டை மாடியில் நல்ல காற்று வந்தது, கிணற்றில் தண்ணீர் இருந்தது. குறை சொல்ல மாட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் மனைவி ஜெயந்திக்குக் கொல்லிமலையில் போஸ்டிங். வளப்பூர் நாட்டில் அரசுப் பள்ளி டீச்சர். 'நாடு' என்றதும் பாஸ்போர்ட்டைத் தேடாதீர்கள்... இங்கே நாலைந்து ஊர்கள் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர். லேப்டாப்பில் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் நானும் கூடவே மலையேறினேன். சென்னையில் எப்போதாவது ஒருவர், "நீங்க பத்தி எழுதுறவர்தானே?" என்று கேட்பார். இங்கே எனக்கு ஒரே பட்டம்தான். 'டீச்சர் ஊட்டுக்காரரு.'

இந்த வருஷம் ஆசிரியர் மாறுதலுக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். சென்னைப் பக்கம் கேட்டால் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. கேட்பதா, வேண்டாமா? பழைய ஆபீஸ் நண்பன் சுந்தர் வாரம் தவறாமல் போன் பண்ணுகிறான். "எப்போடா கிளம்புறே? வேளச்சேரியில வீடு பார்த்து வச்சிருக்கேன்!"

ஜெயந்தி காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் நடுவில் கோடு போட்டாள். இந்தப் பக்கம் நகரம், அந்தப் பக்கம் மலை. நகரத்தில் ராத்திரி பதினோரு மணிக்கும் பரோட்டா கிடைக்கும். இங்கே போனில் சாப்பாட்டு ஆப்பைத் திறந்தால், உங்கள் பகுதிக்கு வர இயலாது என்று கைகூப்புகிறது. மலையில் ஃபேன் இல்லாமல் தூங்கலாம். வாசலில் பலா, வேலியில் மிளகு. ஆனால் நான் தும்மினால் அடுத்த தெருவில், "சாருக்குச் சளியாமா" என்கிறார்கள்.

பட்டியல் சமமாகப் போய்க்கொண்டிருந்தபோது எனக்குப் பல் வலி வந்தது. நகரத்துக்கு ஒரு ஓட்டு! வேளச்சேரியில் தெருமுனையில் பல் டாக்டர். இங்கேயிருந்து நாமக்கல் போக வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சாயங்காலம் அதே எழுபதை ஏறி வர வேண்டும்.

ராத்திரி ஜெயந்தியிடம் மட்டும்தான் சொன்னேன். விடிந்ததும் பக்கத்து வீட்டு வெள்ளையன் வாசலில் நிற்கிறார்.

"ஏனுங்க சார், கீழ போறீங்களாமா?"

எப்படித்தான் தெரியுமோ!

வெள்ளையன் மரவள்ளியும் மிளகும் போடுகிற விவசாயி. மறுநாள் வியாழக்கிழமை அவர் மகள் கவிதாவுக்குக் கல்யாணம்.

"பொண்ணோட பிளவுஸ் நாமக்கல்ல டெய்லர்கிட்ட இருக்குதுங்க சார். ஆரி வேல போட்டது. வாரப்ப கையோட வாங்கியாந்துருங்க. வெடியக்காலம் முகூர்த்தமுங்க. நானு சாமான் வாங்கறதுக்கு செம்மேட்டுலதான் இருப்பேன். கடைசி பஸ்ஸுல சேந்தே ஊட்டுக்கு வந்தர்லாம்."

செம்மேடு என்பது மலை மேல் இருக்கிற எங்கள் பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து வளப்பூர் நாட்டுக்கு ஆறரை மணிக்குக் கடைசி பஸ். அதை விட்டால் மறுநாள்தான்.

பல் வேலை மதியமே முடிந்துவிட்டது. டெய்லர் கடைக்குப் போனால், "ஹூக் மட்டுந்தான் சார் பாக்கி. அஞ்சே நிமிஷம்!" என்றார். எனக்குத் தெரியாத பாஷையா? ஒன்றரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் பிளவுஸ் அருமை. கிளிப்பச்சை, கையில் தங்க நூலில் மயில். பல்லை மறந்து ரசித்தேன்.

ஒரு பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்ததைப் பிடித்து, மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு வந்தபோது மணி ஐந்து ஐம்பது. மலை ஏறுவதற்கு முன் டிரைவர் டீக்கு நிறுத்தினார். நானும் ஒரு கிளாஸ் வாங்கினேன். அப்போது வெள்ளையனிடமிருந்து போன்.

"சார், எத்தனாவது வளைவுல இருக்கீங்க?"

இங்கே இப்படித்தான் கேட்பார்கள். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்ட பலகை இருக்கிறது. 'பன்னெண்டுல லாரி நிக்குது', 'முப்பதுல மழை' என்றுதான் செய்தியே வரும். விருந்தாளி அறுபது தாண்டிவிட்டார் என்றால் வீட்டில் உலை வைப்பார்கள்.

நானோ இன்னும் முதல் வளைவையே பார்க்கவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே? இருபத்திரண்டு வருஷப் பழக்கம்... வாய் தானாகத் திறந்தது.

"அம்பத்தஞ்சு தாண்டிட்டேன் வெள்ளையன்!"

"அப்படீங்களா... செரிங்க சார். பாத்து வாங்க." வைத்துவிட்டார்.

பஸ் கிளம்பி, இரண்டாவது வளைவு திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. ஐம்பத்தைந்திலிருந்து செம்மேட்டுக்கு அரை மணி நேரம். அப்படியானால் நான் ஆறு இருபதுக்கு வர வேண்டும். வராவிட்டால் இன்னும் பத்து நிமிஷம், கால் மணி பார்ப்பார்கள். அதற்கு மேல் கடைசி பஸ் எதற்காக நிற்கும்? திரும்பக் கூப்பிட்டேன். டவர் போய்விட்டது. வெளியே மழை வேறு பிடித்துக்கொண்டது. இந்த மழையில், இருட்டில், பைக்கில் யாரை வரச் சொல்ல முடியும்?

மடியில் பிளவுஸ் கவர். ஜன்னலுக்கு வெளியே பலகைகள். ஒன்பது... பத்தொன்பது... முப்பத்திரண்டு... அந்தப் பெண் நாளைக்கு முகூர்த்தத்தில் ஏதோ ஒரு பழைய பிளவுஸைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். எதனால்? ஒரு ஆசாமிக்கு, "காரவள்ளியில டீ குடிக்கிறேன்" என்று சொல்ல வாய் வராததால். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிஜமான ஐம்பத்தைந்தாவது வளைவு வந்தபோது பலகையை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் ஒரு புள்ளி டவர் இல்லை. அப்போதும் என் மரமண்டைக்கு எதுவும் எட்டவில்லை.

செம்மேடு வந்தபோது மணி ஏழு இருபது. பஸ் ஸ்டாண்டில்...

கடைசி பஸ் நின்றுகொண்டிருந்தது!

உள்ளே லைட் எரிந்தது. வாழைத்தார், அண்டா, குழந்தைகள் எல்லாம் சேர்ந்து பாதிப் பஸ் கல்யாணக் கூட்டம். கீழே குடையோடு வெள்ளையன்.

"மன்னிச்சுக்குங்க வெள்ளையன், வழியில ஒரு லாரி..." என்று ஆரம்பித்தேன். பாருங்கள், அடுத்த பொய்!

"பரவால்லீங்க சார். ஏழே காலுக்கு வந்துருவீங்கன்னு டிரைவர்கிட்ட அப்பவே சொல்லிப்போட்டேன். அஞ்சு நிமிசந்தான் லேட்டு."

"ஏழே கால்னு... எப்படி?"

"அம்பத்தஞ்சுல டவரு ஏதுங்க? அங்கிருந்து போன் பேசவே முடியாதுங்களே. உங்களுக்குப் பின்னால டீ ஆத்தற சத்தம் வேற கேட்டுது. செரி, சார் காரவள்ளியிலதான் இருக்காருன்னு கணக்குப் பண்ணிட்டனுங்க."

பஸ் ஜன்னலிலிருந்து ஒரு அம்மா தலையை நீட்டினார். "ஏனுங்க சார், அம்பத்தஞ்சாவது வளைவுல டீ நல்லா இருந்துச்சுங்களா?"

பஸ்ஸே குலுங்கியது. நான் ஏறினேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டு என் காதருகே மெதுவாகச் சொன்னார்: "நீங்க சொன்னத நம்பியிருந்தோம்னா ஆறே முக்காலுக்கே வண்டிய எடுத்துருப்போமுங்க சார்."

யோசித்துப் பார்த்தேன். சென்னையிலும் என் பொய்யை யாரும் நம்பியதில்லை. இங்கேயும் நம்பவில்லை. ஆனால் இங்கே ஐம்பது நிமிஷம் காத்திருந்தார்கள். எல்லோரும் சந்தோஷமாகக் காத்திருந்தார்கள் என்று அளக்க மாட்டேன். பின் சீட்டில் ஒருவர் கடைசி வரை என்னை முறைத்துக்கொண்டே வந்தார். அவர் கல்யாணத்துக்குப் போகிறவர் இல்லை.

மறுநாள் விடியற்காலை. மணவறையில் கவிதா, கையில் தங்க மயிலோடு. கை கொஞ்சம் இறுக்கமாம். ராத்திரியே இரண்டு தையலைப் பிரித்துவிட்டு அவள் அம்மா சரி செய்துவிட்டார். பந்தியில் உட்கார்ந்தேன். பரிமாறிய இளைஞனை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. குனிந்து பவ்யமாகக் கேட்டான்.

"சார், எத்தனாவது இட்லியில இருக்கீங்க?"

ஆறாவதில் இருந்தேன். நாலு என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜெயந்தி காலண்டர் தாளை எடுத்தாள். "'இங்க எதையும் மறைக்க முடியாது'ன்னு எழுதணும். நல்லதுல எழுதவா, கெட்டதுல எழுதவா?"

"ரெண்டுலயும் எழுது."

எழுதினாள். பிறகு தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேஜையின் காலுக்கு அடியில் வைத்தாள். "நான் மாறுதல் கேட்கலைங்க. எனக்கு இங்க பிடிச்சிருக்கு. ஆனா உங்களுக்கு மறுபடியும் பல் வலிச்சா?"

"இருக்கறதே முப்பத்திரண்டு பல்லுதான். சமாளிச்சுக்கலாம்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுந்தர் போன் பண்ணினான். "என்னடா, எழுதிக் குடுத்தாச்சா? கிளம்பிட்டியா இல்லையா?"

'கிளம்பிட்டேன்' – நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எதிரே ஜெயந்தி பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் அந்தக் கேள்விக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன்.

"இல்லடா. கிளம்பலை."

சுந்தர் விழுந்து விழுந்து சிரித்தான். "புளுகாதடா! தாம்பரம் தாண்டிட்டேதானே?"