கிட்னிக்கு ஒரு படிப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சங்கரன்கோவிலில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். சிறுநீரக நோயாளிகளைக் கவனிப்பதற்கென்று நர்ஸுகளுக்கு மெட்ராஸில் ஒரு வருஷ மேற்படிப்பு நடத்தினார்கள். விண்ணப்பித்தேன், கிடைத்துவிட்டது. மகளுக்கு அப்போதுதான் பள்ளிக்கூடம் போகிற வயது.

"மூத்திரத்தப் பத்திப் படிக்கதுக்கா மதினி மெட்ராசுக்குப் போறிய?" என்று கணவரின் தங்கை சிரித்தாள். விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்த என் கணவர் சிரிக்கவில்லை. "நீ போயிட்டு வா. பிள்ளைக்குத் தலைபின்ன நான் படிச்சுக்கிடுதேன்" என்றார்.

ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை முதலில் பார்த்தபோது பயமாக இருந்தது. ஒருவரின் ரத்தம் குழாய் வழியே வெளியே வந்து, சுற்றி, மறுபடி அவர் கைக்குள் போகிறது. ஆனாலும் இயந்திரம் சீக்கிரமே பழகிவிட்டது. உடம்பில் நீர் தேங்கிவிடும் என்பதால், ஒரு மடக்குத் தண்ணீருக்குக் கெஞ்சுகிறவரிடம் கூடாது என்று சொல்லத்தான் நெடுநாள் பிடித்தது. ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பேன்.

படிப்பு முடிந்ததும் ஊருக்கே அனுப்பினார்கள். அங்கே அந்த இயந்திரம் கிடையாது. பிரசவ வார்டில் போட்டார்கள். வீட்டிலோ மகள் என்னிடம் ஒட்டவில்லை. இதற்காகவா பிள்ளையை விட்டுப் போனோம் என்று யாருக்கும் தெரியாமல் அழுதிருக்கிறேன்.

பருத்தி எடுக்கும் காலத்தில், திருவேங்கடம் ஊர்ப்பக்கத்து விவசாயி ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. எங்கள் டாக்டர் விஷமுறிவு மருந்து கொடுத்துக் காப்பாற்றினார். மறுநாள் அந்த விவசாயி இருந்த வார்டு வழியே போனபோது அவர் மனைவியிடம் கேட்டேன்.

"ஒண்ணுக்குப் போனாரா?"

"நேத்துலேருந்து போகலக்கா. தண்ணி குடிக்கலல்லா, அதான்னு இருந்துட்டேன்."

அவர் முகம் லேசாக வீங்கியிருந்தது. டாக்டரிடம் ஓடினேன். உடனே வந்து பார்த்தார். "விரியன் விஷத்துல கிட்னி நின்னுபோச்சும்மா. திருநெல்வேலிக்கு அனுப்புவோம். நீங்களே கூடப் போங்க."

அங்கேயும் இயந்திரம் இல்லாததால், விவசாயியின் வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். மருந்து நீரை உள்ளே விட்டு, சற்றுநேரம் நிறுத்தி, கழிவோடு வடித்தெடுக்க வேண்டும், திரும்பத் திரும்ப. மெட்ராஸில் இதையும் படித்திருந்தேன்; பழகிய கை வேண்டும் என்று என்னை அங்கேயே இருக்கச் சொன்னார்கள்.

"சிஸ்டர், நான் பொழைப்பனா?" என்று கேட்டார்.

"கிட்னி உறங்குது அண்ணாச்சி. முழிச்சிரும்."

விரியன் கடியில் பலருக்கு விழித்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன். எல்லோருக்கும் அப்படியில்லை என்றும் படித்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

சில நாட்கள் கழித்து ஒரு காலையில் அவர் மனைவி சிறுநீர்க் குப்பியோடு ஓடிவந்தாள். "அக்கா, வந்துட்டு! வந்துட்டு!" குப்பியின் அடியில் கொஞ்சம் மஞ்சள் நீர். வழியிலிருந்த கட்டில்காரர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டே வந்தாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். நான் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அளவைப் பார்த்துச் சீட்டில் குறித்தேன்.

நாளுக்கு நாள் அளவு கூடியது. கடைசியில் அவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வெளியே போனார். என்னைத் திருநெல்வேலியில் அந்த வார்டுக்கே மாற்றிக்கொண்டார்கள். கணவர் வேறு வேலை தேடிக்கொண்டு மகளோடு வந்து சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.